சிங்கப்பூர்ல நம்ம புளோக்குல திரியுற கருப்பு மைனா அழியுற இனமா? ஊர் மைனாவுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

தெம்பனிஸ் மாலா

எல்லாருக்கும் வணக்கம். பையன் பிரைமரி 5 படிக்கிறான், ரெண்டு பறவைய எடுத்து ஒப்பிட்டு எழுதணும்னு ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க, எந்தக் குடும்பம், எங்க வாழும், அழியுற நிலையில இருக்கா இல்லையா, இந்த மூணும் கண்டிப்பா வரணுமாம். கழுகு, பெங்குயின்னு எல்லாரும் எடுப்பாங்க, நீ தினமும் பாக்குறதையே எடுன்னு நான்தான் மைனாவ சொன்னேன்.

ஒண்ணு, கீழ கோப்பிக்கடையில தட்ட எடுக்குறதுக்குள்ள மேசை மேல ஏறி மிச்ச சோத்தக் கொத்துதே, அந்தக் கருப்பு மைனா. இன்னொண்ணு எங்கம்மா வீட்டுல, தஞ்சாவூர் பக்கம், வேப்பமரத்துலயும் மாட்டுக் கொட்டாயிலயும் சுத்திக்கிட்டு இருக்குமே, காப்பிக் கலர்ல, கண்ணு ஓரம் மஞ்சளா, அந்த மைனா. ரெண்டும் ஒண்ணுதான், ஒண்ணு ஆண் ஒண்ணு பொண்ணுன்னு வீட்டுக்காரர் சொல்றார், எனக்கு அப்படித் தோணல.

இதுல பெரிய குழப்பம் என்னன்னா, பையன் தேடிப் பாத்துட்டு கருப்பு மைனாதான் அழியுற ஆபத்துல இருக்கு, ஊர் மைனாவுக்கு ஒரு ஆபத்தும் இல்லன்னு வந்து சொல்றான். எப்படிங்க? சாயங்காலம் எம்ஆர்டி ஸ்டேஷன் பக்கத்து மரத்துல இது வந்து அடையுறப்ப பக்கத்துல நிக்கிறவங்க பேசுறது காதுல விழாது, அவ்வளவு கூட்டம். ஊர் மைனாவ நான் இந்தப் பக்கம் பாக்குறதே அபூர்வம். டீச்சர் ஏன்னு கேட்டா அவன் சொல்லணும், அதுக்கு முன்னாடி எனக்கு விளங்கணும். தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

புங்கோல் பறவைநோக்கி

மாலாக்கா, பையன் பாத்தது சரியான தகவல்தான். ரெண்டும் தனித்தனி இனம், ஆண் பொண்ணு கிடையாது. மைனாவுல ஆணும் பொண்ணும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

கருப்பா இருக்குறது ஜாவா மைனா, விஞ்ஞானப் பேரு அக்ரிடோதெரஸ் ஜவானிகஸ். ஊர் மைனாவ சாதாரண மைனான்னு சொல்வாங்க, நாகணவாய்னும் தமிழ்ல பேரு உண்டு, விஞ்ஞானப் பேரு அக்ரிடோதெரஸ் ட்ரிஸ்டிஸ். பேர்ல முதல் பாதி ஒண்ணா இருக்கு பாருங்க, அதுதான் பேரினம், அப்ப ரெண்டும் ரொம்ப நெருங்கின சொந்தம். மேல போனா குடும்பம் ஸ்டர்னிடே, அதாவது ஸ்டார்லிங் குடும்பம், வரிசை பாஸரிஃபார்மிஸ், குருவி காக்கா புல்புல் எல்லாம் அடங்குற பெரிய வரிசை. அதனால புரோஜெக்ட்ல வகைப்பாட்டுப் பகுதி சீக்கிரம் முடிஞ்சிரும், கடைசிப் படியிலதான் ரெண்டும் பிரியுது. பேரினத்துக்கு அந்தப் பேரு வந்ததே வெட்டுக்கிளி வேட்டைக்காரன்னு அர்த்தம் வர்ற மாதிரி கிரேக்கத்துல இருந்து.

ஒரு விஷயம் பையனுக்குப் பிடிக்கும்னு நெனக்கிறேன். ஊர் மைனாவுக்கு பேரு வச்சது லின்னேயஸ், 1766ல. அவர் இத மைனா ஸ்டார்லிங் கூட வைக்கல, சொர்க்கப் பறவைங்க கூட்டத்துல சேத்து வச்சிட்டார், பறவை பிலிப்பீன்ஸ்ல இருந்து வந்ததுன்னு வேற அவர் காலத்து தகவல்ல இருந்துச்சு. பின்னாடி வந்தவங்கதான் ரெண்டையும் திருத்தினாங்க, இனத்தோட மூல இடம்னு இப்ப குறிச்சிருக்குறது நம்ம புதுச்சேரி. ஜாவா மைனாவுக்கு பேரு வச்சது கபானிஸ்னு ஒரு ஜெர்மன்காரர், 1851ல. அதுக்கப்புறமும் ரொம்ப நாள் இத தனி இனமா ஏத்துக்காம காட்டு மைனாவோட ஒரு உள்ளினம்னு வச்சிருந்தாங்க. சிங்கப்பூர்ல பழைய பறவை புத்தகத்துல 'ஒயிட் வெண்டட் மைனா'ன்னு போட்டிருந்தா இதுதான், குழம்ப வேணாம்.

அடையாளத்துக்கு கண்ணப் பாருங்க, அது போதும். ஊர் மைனாவுக்கு கண்ணச் சுத்தி இறகே இல்லாம மஞ்சத் தோல் தெரியும், கண்ணுக்குப் பின்னாடி வரைக்கும் நீண்டு இருக்கும், கண்ணுமணி பழுப்பு. ஜாவா மைனாவுக்கு அந்தத் தோல் கிடையாது, கருப்பு இறகு கண்ணு ஓரம் வரைக்கும் ஒட்டி வரும், ஆனா கண்ணுமணியே மஞ்சள், அதனாலதான் அது மொறச்சுப் பாக்குற மாதிரி தெரியும். அலகு மேல, நெத்தியில சின்னதா ஒரு கொண்டை முடி நிக்கும். உடம்பு நிறம் ஊர் மைனாவுக்கு காப்பி, இதுக்கு கரி சாம்பல். பறக்குறப்ப இறக்கையில வெள்ளைப் பட்டை ரெண்டுக்கும் உண்டு, வால் நுனி வெள்ளையும் உண்டு, அத வச்சு முடிவு பண்ணாதீங்க. ஜாவா மைனா குஞ்சு கொஞ்சம் பழுப்படிச்சு இருக்கும், அதப் பாத்து ஊர் மைனான்னு நெனக்கிறவங்க நிறைய, அப்பவும் மஞ்சத் தோல் இருக்கான்னு பாத்தா தீந்துச்சு.

அழியுற நிலை பத்தி கேட்டது நல்ல கேள்வி, சாப்பிட்டுட்டு வந்து எழுதுறேன், இல்ல வேற யாராவது ஜாவா பக்கம் இருந்தவங்க இருந்தா அவங்க சொன்னா இன்னும் நல்லா இருக்கும்.

ஜூரோங் வெஸ்ட் செல்வா

நான் குன்னூர்க்காரன். எங்க ஊர்ல தேயிலைத் தோட்டத்துல நெத்தியில கொண்டை வச்ச சாம்பல் மைனா நிறைய இருக்கு, இங்க உள்ளதும் அதுவும் அப்படியே ஒண்ணு மாதிரிதான் இருக்கு. அப்ப ஜாவா மைனா நீலகிரியிலயும் இருக்கா?

புங்கோல் பறவைநோக்கி

செல்வா, நீங்க பாத்தது காட்டு மைனா, அக்ரிடோதெரஸ் ஃபஸ்கஸ். மேல சொன்னேனே, ஜாவா மைனாவ ஒரு காலத்துல இதோட சேத்துதான் வச்சிருந்தாங்கன்னு. அதனால ஒண்ணு மாதிரி தெரியுறதுல ஆச்சரியமில்ல. அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப கண்ணப் பாருங்க, தென்னிந்தியாவுல உள்ள காட்டு மைனாவுக்கு கண்ணு வெளிறின நீலமா இருக்கும், இங்க உள்ளதுக்கு மஞ்சள். நீலகிரியில ஜாவா மைனா கிடையாது.

உட்லண்ட்ஸ் நூர்

மாலாக்கா, நான் வேலை விஷயமா இந்தோனேசியாவுல, ஜாவாத் தீவுல உள்ள சுராபாயாவுல கொஞ்ச காலம் இருந்தவ, அதனால இந்த அழியுற விஷயத்துக்கு நான் பதில் எழுதுறேன்.

ஜாவா மைனாவோட சொந்த ஊர் ஜாவாவும் பாலியும்தான். அங்க வயக்காட்டுல, மேய்ச்சல் தரையில இருக்குற பறவை. எருமையும் மாடும் நடக்குறப்ப புல்லுல இருந்து எழும்புற பூச்சியப் பிடிக்க காலடியிலயே கூட நடக்கும், முதுகு மேலயும் ஏறி உக்காரும். அப்படி எங்கயும் இருந்த பறவை இப்ப அங்க வயல்ல தேட வேண்டியிருக்கு. ஆனா பறவைச் சந்தைக்குப் போங்க, கூண்டு கூண்டா இருக்கும். ஜக்கார்த்தாவுல பிரமுக்கா சந்தை பேர் போனது, சுராபாயாவுலயும் இருக்கு. நான் பாத்ததுல ஒரே கூண்டுல இடிச்சுக்கிட்டு, வால் எல்லாம் முறிஞ்சு, அலகால கம்பியக் கடிச்சு கடிச்சு மூக்குக்கு மேல இறகு தேஞ்சு தோல் தெரிய நின்னுச்சுங்க. வயல்ல பிடிச்ச பெரிய பறவைன்னு அதப் பாத்தாலே தெரியும், கை வச்சா மூலையில போய் ஒடுங்கும், கூண்டுலயே பொரிச்சு வளந்தது அப்படி ஒடுங்காது.

ஜாவாவுல பறவை வளக்குறது வீட்டுக்கு வீடு உள்ள பழக்கம், பாட்டுப் போட்டி வேற பெரிய அளவுல நடக்கும், ஜெயிக்கிற பறவைக்கு நல்ல காசு. மைனா போட்டிப் பறவை இல்லதான், ஆனா குரல் பழக்கினா மத்த சத்தம் எல்லாம் செய்யும், விலையும் கம்மி, அதனால வாங்குறவங்க அதிகம். பிடிக்க பிடிக்க காட்டுல குறையுது. ஐயுசிஎன்னு உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்துல இருக்குன்னு போடுற சிவப்புப் பட்டியல்ல இத வல்னரபிள்னு போட்டதுக்கு முக்கியக் காரணம் இந்தப் பிடிப்புதான். தமிழ்ல அழிவாய்ப்பு இனம்னு எழுதுறாங்க. ஊர் மைனா லீஸ்ட் கன்சர்ன், அதாவது கவலை குறைஞ்ச இனம்.

இது இந்த ஒரு மைனாவோட நிக்கல அக்கா. பாலி மைனான்னு ஒண்ணு, முழுக்க வெள்ளை, கண்ணச் சுத்தி நீலத் தோல், பாலித் தீவுல மட்டும் உள்ளது, அது மிக அருகிய இனம். கருப்பு இறக்கை மைனான்னு இன்னொண்ணு, அதுவும் ஜாவா பக்கத்துதுதான், அதுவும் பிடிச்சே தீந்து போச்சு. நம்ம புளோக்குல உள்ள பறவையோட சொந்தக்காரங்க நிலைமை இதுன்னு பாத்தா எனக்கு வயிறு எரியுது. 2015ல இதப் பத்திப் பேசவே நம்ம ஜூரோங் பறவைப் பூங்காவுல முதல் மாநாடு நடந்துச்சு, ஆசியப் பாட்டுப் பறவை வியாபார நெருக்கடின்னு தலைப்பு.

தெம்பனிஸ் மாலா

நூர், படிச்சு மனசு கஷ்டமா போச்சு மா. ஆனா என் சந்தேகம் இன்னும் பாதி இருக்கு. ஜாவாவுல குறைஞ்சா என்ன, இங்கதான் இவ்வளவு இருக்கே, மொத்தமா கூட்டிப் பாத்தா அழியுற இனம்னு எப்படிச் சொல்றாங்க? பையன் கேக்குறான், இங்க உள்ளதுல ஒரு லாரி ஏத்தி ஜாவாவுக்கு அனுப்பிட்டா ரெண்டு பேருக்கும் பிரச்சனை தீந்துருமேன்னு. நானும் அதத்தான் யோசிச்சேன்.

பிடோக் ராஜன்

அனுப்புறதா இருந்தா எங்க பேட்டையில இருந்து ஆரம்பிங்க. மூணாவது மாடியில இருக்கோம், ஜன்னலுக்கு நேரா மரம். சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பிச்சா ஏழேகால் வரைக்கும் டிவி சத்தம் கேக்காது, காயப்போட்ட துணி எல்லாம் எச்சம், அம்மாவுக்கு ஆஸ்துமா, ஜன்னலத் தொறக்க பயப்படுறாங்க. நகர மன்றத்துக்கு எழுதினேன், கிளைய வெட்டினாங்க, கொஞ்ச நாள் அடுத்த புளோக்குக்குப் போச்சு, இலை துளுத்ததும் திரும்ப வந்துருச்சு. அழியுற இனம்னு சொல்லி இதக் காப்பாத்தணும்னு யாரும் பேசாதீங்க, கஷ்டப்படுறது நாங்க.

புங்கோல் பறவைநோக்கி

ராஜன் அண்ணே, உங்க கஷ்டம் உண்மையான கஷ்டம், ஆஸ்துமா இருக்குற வீட்டுல அது சின்ன விஷயம் இல்ல. ஆர்ச்சர்ட் ரோட்லயே வருஷக்கணக்கா என்னென்னமோ பண்ணிப் பாத்தாங்க, கிளை வெட்டுறது, வலை போடுறது, சத்தம் எழுப்பி விரட்டுறது, இடம் மாறுதே ஒழிய குறையல. சோறு கெடைக்கிற வரைக்கும் குறையாது. இதப் பத்தி கீழ வர்றேன், முதல்ல மாலாக்கா கேட்டதுக்கு.

சிவப்புப் பட்டியல் போடுறப்ப ஒரு பறவை அதோட சொந்த இடத்துல எப்படி இருக்குன்னு பாத்துத்தான் முடிவு பண்றாங்க. மனுஷன் கொண்டுபோய் விட்ட இடத்துல பெருகி இருக்குறத கணக்குல சேக்க மாட்டாங்க. ஜாவா மைனா சிங்கப்பூருக்கு வந்தது 1920கள்ல, கூண்டுப் பறவை வியாபாரம் வழியா. அப்ப இங்க உள்ள கூட்டம் எவ்வளவு பெருசா இருந்தாலும் ஜாவா, பாலியில உள்ள நிலைமைக்கு அது பதில் ஆகாது.

ரெண்டாவது, எண்ணிக்கை மட்டும் இல்ல, எவ்வளவு வேகமா குறையுதுங்கிறதும் ஒரு அளவுகோல். 10 வருஷம், இல்லன்னா 3 தலைமுறை, ரெண்டுல எது நீளமோ அந்தக் காலத்துல 30 சதவீதத்துக்கு மேல குறைஞ்சா வல்னரபிள், 50க்கு மேல போனா அருகிய இனம், 80க்கு மேல போனா மிக அருகிய இனம். அதனால இன்னும் கொஞ்சம் இருக்குற பறவை கூட பட்டியல்ல ஏறும். பேங்க்ல பணம் இருக்குறப்பவே செலவு வரவ விட கூடிக்கிட்டே போனா முன்கூட்டியே எச்சரிக்கிற மாதிரி வச்சுக்கோங்க. பையன் இந்த ஒரு விஷயத்த எழுதினாலே புரோஜெக்ட் மத்தவங்களோடத விட மேல நிக்கும்.

லாரி யோசனைக்கு வர்றேன். ஜாவாவுல பறவை குறைஞ்சதுக்குக் காரணம் வலை. வலை அப்படியே இருக்குறப்ப இங்க இருந்து பத்தாயிரம் அனுப்பினாலும் அது சந்தைக்குத்தான் போகும். இன்னொண்ணு, நூறு வருஷமா ஊர்ச் சோறு தின்னு கட்டடத்துல கூடு கட்டிப் பழகின கூட்டத்துல என்ன நோய் இருக்கு, வேற மைனா கலப்பு இருக்கான்னு பாக்காம கொண்டுபோய் விட்டா அங்க மிச்சம் இருக்குறதுக்கும் ஆபத்து. பாலி மைனாவுக்கு இங்க கூண்டுல வளத்துத் திருப்பி அனுப்புன வேலை நடந்திருக்கு, ஆனா அது வம்சாவளி எல்லாம் எழுதி வச்சு, டாக்டர் பாத்து, அங்க காவலுக்கு ஆள் போட்டு செய்யுற வேலை. மரத்துல இருக்குறத அள்ளி ஏத்துற காரியம் வேற. என்னைக்காவது ஜாவாவுல பிடிப்பு நின்னா இங்க உள்ள கூட்டத்துக்கு ஒரு பயன் வரலாம், அந்த வாய்ப்ப நான் ஒதுக்க மாட்டேன்.

இப்ப ஊர் மைனா. அதோட கத நேர் எதிர். மத்திய ஆசியா, ஆப்கானிஸ்தான்ல தொடங்கி இந்தியா, இலங்கை வழியா தென்கிழக்கு ஆசியா வரைக்கும் இயற்கையாவே பரவிக் கிடக்கு. அதுக்கு மேல மனுஷன் கப்பல்ல ஏத்திக்கிட்டு போனான். 1762ல இந்தியாவுல இருந்து மொரீஷியஸ் தீவுக்கு வெட்டுக்கிளியத் திங்கணும்னே கொண்டு போனாங்க, 1862ல மெல்பர்ன் காய்கறித் தோட்டத்துக்குப் பூச்சி பிடிக்கக் கொண்டு போனாங்க. ஆஸ்திரேலியாவுல இப்ப அது உள்ளூர் கிளியோட மரப் பொந்தையெல்லாம் பிடுங்கிக்கிட்டு நிக்குது. உலகத்துலயே மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள்னு ஐயுசிஎன் நிபுணர் குழு போட்ட பட்டியல்ல மூணே மூணு பறவைதான், அதுல ஒண்ணு இந்த மைனா. மத்த ரெண்டு ஐரோப்பிய ஸ்டார்லிங்கும் நம்ம ஊர்ல உள்ள செங்குதக் கொண்டைக்குருவியும்.

சிங்கப்பூர்ல முதல்ல பதிவானது 1936ல. இது கூண்டுல இருந்து தப்பிச்சு வந்ததுன்னு சொல்ல முடியாது, மலாயாவுல காட்ட வெட்டி தோட்டம், ரோடு, ஊர்னு ஆக ஆக வடக்குல இருந்து தானே இறங்கி வந்துச்சு. அப்ப கணக்குப் பாத்தா இங்க ஜாவா மைனாதான் மூத்த குடி. ஊர் மைனா கொஞ்ச காலம் நல்லாவே இருந்துச்சு, பிறகு ஜாவா மைனா பெருகப் பெருக இது ஒதுங்கிருச்சு.

கிராஞ்சி தாத்தா

தம்பி சொன்ன கடைசி விஷயத்துக்கு நான் சாட்சி. நான் கம்பத்துல, அதாவது பழைய கிராமத்துல பொறந்து வளந்தவன், செம்பவாங் பக்கம். அப்பல்லாம் மாடு இருந்துச்சு, ஆடு இருந்துச்சு, கோழித் தீனி கொட்டுனா காப்பிக் கலர் மைனா ஜோடி ஜோடியா வந்து நிக்கும், தலைய ஆட்டி ஆட்டி கத்தும், எங்க பாட்டி அதுக்குன்னே ஒரு கை நொய் அரிசி போடுவாங்க. கருப்பும் இருந்துச்சு, ஆனா ரெண்டையும் சேத்துத்தான் பாப்போம். கம்பத்த எடுத்து எச்டிபி அடுக்குமாடி வீடு வந்த பிறகு மாடும் போச்சு, கொட்டாயும் போச்சு, காப்பிக் கலர் மைனாவும் கண்ணுல படுறது குறைஞ்சு போச்சு, கருப்பு மட்டும் புளோக்கோட கூடவே ஏறி வந்துருச்சு.

நான் கவனிச்சது ஒண்ணு சொல்றேன். புல்லு வெட்டுற தம்பிங்க முதுகுல மெஷின மாட்டிக்கிட்டு திடல்ல வேலை செய்யுறப்ப பாருங்க, கருப்பு மைனா பத்து பதினஞ்சு பின்னாடியே நடக்கும். மெஷின் சத்தத்துக்குப் பயப்படாது. புல்லு பறக்குறப்ப வெட்டுக்கிளி குதிக்கும், குதிச்ச இடத்துலயே கொத்தி, தரையில ரெண்டு அடி அடிச்சு, காலப் பிச்சுப் போட்டுட்டு முழுங்கும். அந்தப் பொண்ணு நூர் ஜாவாவுல எருமை பின்னாடி நடக்கும்னு எழுதியிருந்தத படிச்சதும் இதுதான் எனக்குத் தோணுச்சு, எருமை இல்லன்னா அதுக்கு மெஷின் போதும். கோப்பிக்கடை மேசைக்கும் வரும், குப்பைத் தொட்டிக்கும் வரும், ஏர்கான் தட்டுக்குப் பின்னாடி வைக்கோல் பிளாஸ்டிக்னு கெடச்சத சொருகி கூடு கட்டும். ஊர் மைனாவும் தைரியமான பறவைதான், ஆனா இங்க அது திறந்த வெளி, தோட்டம் தொரவு உள்ள பக்கமே நிக்குது. லிம் சூ காங், கிராஞ்சி பண்ணைப் பக்கம் இப்பவும் ஜோடியா பாக்கலாம். நான் காலையில நடக்குறப்ப பாக்குறேன்.

ராஜன் தம்பி, கோபப்படாதீங்க, எங்க புளோக்குலயும் இதே தொல்லைதான். கீழ ஒரு அம்மா தினமும் ரொட்டியப் பிச்சுப் போடுறாங்க, புண்ணியம்னு செய்யுறாங்க, சொன்னா கேக்க மாட்டேங்குறாங்க.

பிடோக் ராஜன்

தாத்தா, எங்க கீழயும் அதே கதைதான். அப்படி தீனி போடுறது சட்டப்படி குத்தமா? இந்தப் பறவைங்களக் கொல்லலாம்னு முன்னாடி சட்டத்துல இருந்துச்சுன்னு ஒருத்தர் சொன்னார், உண்மையா?

புங்கோல் பறவைநோக்கி

ராஜன் அண்ணே, ரெண்டுக்கும் பதில் இருக்கு.

1965 சட்டத்துல ஆறு பறவைக்கு மட்டும் பாதுகாப்பு இல்லாம விட்டிருந்தாங்க, வீட்டுக் காக்கா, புறா, ரெண்டு வகை ஸ்டார்லிங், ஊர் மைனா, ஜாவா மைனா. அவர் சொன்னது அதத்தான் இருக்கும். 2020ல அந்தச் சட்டத்தத் திருத்தி வனவிலங்குச் சட்டம்னு பேர் மாத்தி கடுமையாக்கினாங்க. இப்ப காட்டு உயிருக்குத் தீனி போடக் கூடாது, வளத்தத வெளிய விடவும் கூடாது. தீனி போட்டா முதல் தடவை 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம், திரும்பச் செஞ்சா 10,000 வரைக்கும். புறா மைனா எல்லாம் இதுல அடங்கும். நீங்களா எதையும் பிடிக்கவோ மருந்து வைக்கவோ போகாதீங்க, மருந்து வச்சா மைனாவோட நிக்காது, பூனை, ஆந்தைன்னு போகும். தேசியப் பூங்காக் கழகத்துக்குச் சொல்லுங்க, எந்த இடத்துல தீனி விழுதுன்னு நேரத்தோட எழுதி அனுப்புங்க, அதுக்குத்தான் பலன் அதிகம். கோப்பிக்கடையில தட்ட உடனே எடுத்து அடுக்குல வச்சா, குப்பைத் தொட்டி மூடி சரியா இருந்தா, கூட்டம் ரெண்டு மூணு மாசத்துலயே இடம் பெயரும், எங்க பக்கத்துக் கடையில நான் கண்ணால பாத்தேன்.

ஒரே ஒரு விஷயத்துல உங்களோட ஒத்துப்போக மாட்டேன். இங்க குறைக்கணும்னு கேக்குறது நியாயம், நானும் கேப்பேன். அதுக்காக அழியுற இனம்னு பேசவே கூடாதுங்கிறது சரியில்ல. இங்க அதிகமா இருக்குறதும் அங்க இல்லாமப் போறதும் ஒரே வியாபாரத்தால வந்தது, கூண்டுல அடைச்சு ஏத்துனவன் இங்க விட்டான், அங்க காலி பண்ணான். ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லணும்.

உட்லண்ட்ஸ் நூர்

அதையே நானும் சொல்ல வந்தேன். மாலாக்கா, பையனுக்கு இன்னும் ஒரு பத்தி எழுத இடம் இருந்தா நம்ம புலாவ் உபின் தீவுல உள்ள மஞ்சத்தலைப் புல்புல்லப் பத்தி எழுதச் சொல்லுங்க. அதுவும் அதே ஜாவா வியாபாரத்துல மாட்டின பறவை, ஜாவாவுல காட்டுல இப்ப கிடையாது, தாய்லாந்துலயும் கிடையாது, மிக அருகிய இனம். உலகத்துல மிச்சம் இருக்குறதுல பெரிய பங்கு நம்ம சிங்கப்பூர்லதான். ஆனா அது இங்க யாரும் கொண்டுவந்து விட்டது இல்ல, இந்த மண்ணுப் பறவை, அதனால இங்க உள்ள எண்ணிக்கை கணக்குல சேரும். 2022ல சைட்டிஸ்னு அழியுற உயிரின வியாபாரத்தக் கட்டுப்படுத்துற உலக ஒப்பந்தத்துல முதல் இணைப்புக்கு ஏத்தி நாட்டுக்கு நாடு வியாபாரத்த நிறுத்தினாங்க. ஜாவா மைனாவுக்குப் பக்கத்துல இத வச்சா, எது கணக்குல சேரும் எது சேராதுன்னு டீச்சருக்கே உடனே விளங்கும்.

தெம்பனிஸ் மாலா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பையன் பக்கத்துல உக்காந்து படிச்சிட்டான், வீட்டுக்காரரும் படிச்சிட்டார். கடைசியா ரெண்டு கேள்வி. பேசுற மைனான்னு சொல்வாங்களே, அது இந்த ரெண்டுல எது? அப்புறம் ஊர் மைனாவ போட்டோ எடுக்கணுமாம், நெட்ல இருந்து எடுத்த படம் கூடாதுன்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க. நாங்க கிழக்குல இருக்கோம், கிராஞ்சி வரைக்கும் போகணுமா?

புங்கோல் பறவைநோக்கி

அக்கா, பேசுறதுக்குப் பேர் போனது இந்த ரெண்டும் இல்ல, மலை மைனா, கிராகுலா ரிலிஜியோசா. அதே ஸ்டர்னிடே குடும்பம், ஆனா வேற பேரினம். பளபளன்னு கருப்பு, அலகு ஆரஞ்சு, தலைக்குப் பின்னாடி மஞ்சத் தோல் மடிப்பு தொங்கும். அது சிங்கப்பூரோட சொந்தப் பறவை, காட்டு ஓரம் உயரமான மரத்துல இருக்கும், தரைக்கு அவ்வளவா இறங்காது. பொட்டானிக் கார்டன்ல காலையில விசில் மாதிரி கேட்டு மேல பாத்தா கிடைக்கும். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில உள்ளது இதோட நெருங்கின சொந்தம், அத இப்ப தனி இனமாவே வச்சிருக்காங்க. ஊர் மைனாவும் ஜாவா மைனாவும் வளத்தா ரெண்டொரு சொல்லு சொல்லும், மலை மைனா அளவுக்குத் தெளிவா வராது.

இன்னொரு பறவையையும் தள்ளி வைக்கணும். புளோக்குக் கீழ பழ மரத்துல கருப்பா, பச்சை மினுக்கத்தோட, கண்ணு சிவப்பா இருக்குறது மைனா இல்ல, ஆசியப் பளபளப்பு ஸ்டார்லிங். கூட்டமா மைனாவோடயே அடையும், போட்டோ எடுத்துட்டு ஜாவா மைனான்னு ஒட்டிறப் போறான்.

ஊர் மைனாவுக்கு தாத்தா சொன்ன கிராஞ்சி, லிம் சூ காங்தான் எனக்கும் முதல்ல தோணுது, அங்க போனா நிச்சயம் அதிகம். அவ்வளவு தூரம் வேணாம்னா கிழக்குலயே கட்டடம் இல்லாத பெரிய புல்வெளி, கடலோரப் பூங்கா ஓரத்துல தேடுங்க, கருப்பு மைனாக் கூட்டத்துக்குள்ள ஒண்ணு ரெண்டு காப்பிக் கலர்ல நடந்துக்கிட்டு இருக்கும். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, எட்டு ஒம்போது மணிக்குள்ள போங்க. கிட்டப் போகாம உக்காந்துட்டா அதுவே நடந்து வரும். பக்கவாட்டுல தலை தெரியுற மாதிரி ஒண்ணு எடுக்கச் சொல்லுங்க, கண்ணு ஓரத்து மஞ்சத் தோல் தெளிவா விழணும். ஜாவா மைனாவையும் அதே கோணத்துல எடுத்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டட்டும். மஞ்சக் கண்ணும் மஞ்சத் தோலும் சேந்து தெரிஞ்சா டீச்சர் கேக்குறதுக்கு முன்னாடியே படம் பதில் சொல்லிரும். எடுத்ததும் இங்க போடுங்க, சரிதானான்னு பாத்துச் சொல்றேன்.